சண்முகவடிவு ஒடித்த கிளை

பாறைக்குளம் கீழரத வீதி சண்முகவடிவின் கொண்டையில் ஒரு செர்ரிக் கிளை நான்கு மாதம் பதினோரு நாள் வாடாமலும் உதிராமலும் இருந்தது. பங்குனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் ஜப்பானில் வைத்து அது அவள் தலையில் ஏறியது. ஆடி மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை சாயங்காலம், அவள் வீட்டுக் கூடத்தில் பெண்கள் நிறைந்திருக்கும்போது உதிர்ந்தது. இடைப்பட்ட நாட்களில் ஊர் அதை எப்படி வைத்துக்கொண்டது என்பதுதான் இங்கே சொல்ல வேண்டியது. அது ஏன் வந்தது என்று ஊரில் யாரும் கேட்கவில்லை, சண்முகவடிவைத் தவிர.

அவளுடைய இளைய மகன் குற்றாலநாதன் டோக்கியோவில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறான். செர்ரி பூக்கிற சமயத்தில் வாருங்கள், மொத்தமே பத்து நாள்தான் இருக்கும் என்று மூன்று வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அப்பா ஆவுடையப்பன், ரயில்வேயில் முப்பத்தொரு வருஷம் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவர், "பத்து நாள் பூவுக்குப் பத்து மணி நேரம் பறக்கணுமா? நம்ம குளத்தங்கரையில ஆவாரம்பூ வருஷம் பூராவும் கிடக்கு" என்று சொல்லிவிட்டு முதல் ஆளாகப் பெட்டி கட்டினார். மூத்த மருமகள் மரகதவல்லியையும் கூப்பிட்டார்கள், கூப்பிட வேண்டிய விதத்தில். லீவு கிடைக்காது என்று அவளும் சொன்னாள், சொல்ல வேண்டிய விதத்தில். மூத்த மகன் காந்திமதிநாதன் டெங்கு வந்து இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அவன் பார்த்த தாலுகா அலுவலக வேலை கருணை அடிப்படையில் அவளுக்கு வந்தது. மாமனார் மாமியாருடன் அதே வீட்டில் இருந்துகொண்டு, தினமும் நாற்பது நிமிஷம் பஸ்ஸில் போய், அவன் உட்கார்ந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து வேலை பார்க்கிறாள்.

தோட்டம் டோக்கியோவிலிருந்து ஒரு மணி நேர ரயில் தூரத்தில் இருந்தது. நடுவில் குளம், குளத்தின் மேல் முதுகு வளைந்த மரப்பாலம், கரையில் கல்விளக்குகள், கரைக்கு அப்பால் சீப்பால் வாரியது போலக் கோடு கோடாக இழுத்துவிட்ட சரளைக்கல், இவை எல்லாவற்றையும் சுற்றி இலையே இல்லாமல் பூவை மட்டும் வைத்துக்கொண்டு நின்ற மரங்கள். மரத்தடியில் நீல பிளாஸ்டிக் விரிப்புகள், விரிப்புக்கு வெளியே வரிசையாகக் கழற்றி வைத்த செருப்புகள், விரிப்பின் மேல் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து சோற்றுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, சாப்பிடுவதைவிட மேலே பார்ப்பதை அதிகமாகச் செய்த ஜனங்கள். காற்று வந்தபோது இதழ்கள் உதிர்ந்தன. அப்போது எல்லோருடைய பேச்சும் நின்றது. சோற்றில் விழுந்த இதழை யாரும் எடுத்து எறியவில்லை.

"பூத்திருக்கிறதப் பாக்க வந்தாங்களா, உதிர்றதப் பாக்க வந்தாங்களாடா?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

"உதிர்றதுக்குத்தாம்ப்பா. அதான் திருவிழாவே."

"நல்ல திருவிழா. தேர் நிலைக்கு வந்த பெறவு வெறும் வடத்தப் பாக்கப் போற மாதிரி."

"ஏம்மா, நீ எதையும் தொட்டுராத. பாக்க மட்டும்தான்."

"தொட்டா என்ன செய்வான்?" என்றாள் சண்முகவடிவு.

"ஒண்ணும் செய்ய மாட்டான். அதாம்மா பயம்."

பூவைப் பறிக்கும் ஒரு கை, அதன் குறுக்கே சிவப்புக் கோடு போட்ட பலகை மரத்துக்கு மரம் இருந்தது. எந்தப் பாஷைக்காரருக்கும் புரியும் படம். சண்முகவடிவுக்கும் புரிந்தது. ஆனால் அன்று வெள்ளிக்கிழமை. பதினைந்து வயதிலிருந்து, தீட்டு நாட்கள் நீங்கலாக, தலையில் பூ இல்லாமல் ஒரு வெள்ளிக்கிழமையையும் அவள் கடந்ததில்லை. வந்து ஐந்து நாளாகியும் அந்த ஊரில் ஒரு முழம் பூ எங்கும் விற்கவில்லை. காலையிலிருந்து கொண்டை காலியாக இருப்பது, வாசல் கதவைத் திறந்து போட்டுவிட்டு வந்தது போல அவளை அரித்துக்கொண்டிருந்தது. கணவனும் மகனும் டீ வாங்கப் போன சமயத்தில், குளத்தின் மேல் தாழ்ந்து கிடந்த ஒரு கிளையின் நுனியை, ஒரு சாண் நீளத்துக்கு, இரண்டு கொத்துப் பூவோடு ஒடித்தாள். சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. கொண்டையில் செருகிக்கொண்டாள்.

திரும்பினால் தோட்டக் காவலர் நின்றுகொண்டிருந்தார். எழுபது வயது இருக்கும். தொப்பி, கைகளில் வெள்ளைக் கையுறை. அவர் திட்டவில்லை, விசில் ஊதவில்லை, பூவைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. அவளைப் பார்த்து இடுப்பு வரை குனிந்து வணங்கினார், தப்பு தன்னுடையது என்பது போல. பிறகு பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து, ஒடித்த இடத்தில் கறுப்பாக ஏதோ ஒரு பசையைத் தடவி, விரலால் அழுத்தி, மறுபடி ஒருமுறை அவளுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

கோயில் நந்தவனத்தில் அரளி பறித்து வசவு வாங்கி வளர்ந்தவள் சண்முகவடிவு. வசவு என்றால் வாங்கிக்கொண்டு அந்த இடத்திலேயே மறந்திருப்பாள். குனிந்த தலையை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஏனென்றால் அப்படிக் குனிந்த இன்னொரு தலை அவளுக்கு உடனே ஞாபகம் வந்தது.

அது ஐந்து வருஷத்துக்கு முந்தைய ஒரு வெள்ளிக்கிழமை. காந்திமதிநாதனின் தலைத்திவசம் முடிந்து நாலாம் நாள். ஊரில் சண்முகவடிவுக்கு அப்போது நல்ல பெயர். மருமகள் பொட்டை அழிக்கக் கூடாது என்றவள் அவள். கலர்ச்சேலைதான் கட்ட வேண்டும் என்றவள் அவள். சடங்கு செய்ய வந்த பெண்களை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பியவள் அவள். அந்த வெள்ளிக்கிழமை பூக்காரி வாழையிலைப் பொட்டலத்தில் மூன்று முழம் மல்லிகை கொடுத்துவிட்டுப் போனாள். குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்த மரகதம், பழைய பழக்கத்தில், தன் பங்குக்குக் கையை நீட்டினாள். சண்முகவடிவு பொட்டலத்தை எடுத்து ஃப்ரிட்ஜுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். பிறகு, "சாமிக்கு எடுத்து வச்சது" என்றாள். மரகதம் நீட்டிய கையாலேயே தலைத்துண்டைச் சரிசெய்துகொண்டு, தலையைக் குனிந்துகொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் கை நீட்டியதில்லை. யாரும் பார்க்காத, இரண்டு நிமிஷம்கூட ஆகாத காரியம். யாரும் பார்க்காததாலேயே அது சண்முகவடிவிடம் அப்படியே இருந்தது.

தோட்டத்துக்குப் போன அன்று சாயங்காலம் குளிக்கப் போகும்போது கிளை தலையிலிருந்து வரவில்லை. வலிக்கவில்லை, இழுக்கவில்லை, வரவில்லை, அவ்வளவுதான். குற்றாலநாதன் கத்திரிக்கோலால் சுற்றியிருந்த முடியைக் கொஞ்சம் வெட்டினான். வெட்டிய முடி கீழே விழுந்தது, கிளை மிச்ச முடியில் இருந்தது. இன்னும் கொஞ்சம் வெட்டினான். ஆவுடையப்பன், "விடுடா, மொட்டை அடிச்சாலும் மண்டையில நிக்கும் போல" என்றார். விட்டுவிட்டார்கள்.

சென்னை விமான நிலையத்தில், வெளிநாட்டுச் செடிகளைத் தடுக்கும் அதிகாரி ஒருவர் அவளை ஓரமாகக் கூப்பிட்டார்.

"என்னம்மா இது?"

"பூ."

"பூன்னா எடுத்துப் போடுங்க. செடின்னா அனுமதி வேணும்."

"எடுத்துப் பாருங்க" என்று தலையைக் காட்டினாள்.

அவர் எடுத்துப் பார்த்தார். அடுத்த மேஜைக்காரரும் எடுத்துப் பார்த்தார். கடைசியில் படிவத்தில் 'தலைமுடி' என்று எழுதி முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்கள். பாறைக்குளமும் ஏறக்குறைய அதே முறையில்தான் அந்தக் கிளையை ஏற்றுக்கொண்டது. முதல் வாரம் வந்து பார்த்தார்கள். இரண்டாம் வாரம் தொட்டுப் பார்த்தார்கள். மூன்றாம் வாரம் கல்லூரியிலிருந்து தாவரவியல் பேராசிரியர் ஒருவர் வந்து அடிக்கோலால் அளந்து, இந்த வெயிலில் இது பூக்க வாய்ப்பில்லை என்று சொல்லி, காபி சாப்பிட்டுவிட்டுப் போனார். ஆதார் மையத்துப் பையன் பூவை எடுத்துவிட்டுப் போட்டோவுக்கு உட்காரச் சொல்லி, முடியாது என்று தெரிந்ததும் பூவோடேயே எடுத்தான். கோயில் கமிட்டியில் மட்டும் ஒரு சிக்கல் வந்தது. தலையில் இருப்பது சூடிய பூவா, செடியில் இருக்கிற பூவா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து, மூன்று கூட்டம் போட்டு, சூடிய பூதான், ஆனாலும் வாடாதவரையில் சூடாத பூவுக்குச் சமம் என்று தீர்மானம் நிறைவேற்றி, தீபாராதனையின்போது அவள் முதல் வரிசையில் நிற்கலாம் என்றார்கள்.

அந்தக் கிளைக்கு ஓர் அர்த்தத்தைக் கொடுத்தவள் பஜனைக் குழுத் தலைவி நாச்சியாரம்மாள்தான். "சுமங்கலி தலையில வாடாத பூன்னா அதுக்கு என்னட்டி அர்த்தம்? ஆவுடையப்பண்ணனுக்குச் சாவு கிடையாது. இந்தப் பூ இருக்கிற மட்டும் அந்த மனுசன் இருப்பாரு" என்றாள். அதிலிருந்து எல்லாம் அதன் வழியில் நடந்தது. கல்யாண வீடுகளில் முதல் ஆரத்தி சண்முகவடிவு எடுத்தாள். மணப்பெண்கள் அவள் கொண்டையைத் தொட்டுத் தாலிக்கயிற்றைத் தடவிக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் சுமங்கலிகள் தட்டில் மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டு வந்து கூடத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். நாச்சியாரம்மாள் வரிசையை ஒழுங்குபடுத்தினாள். சண்முகவடிவு ஒவ்வொரு தட்டாகத் தொட்டுக் கொடுத்தாள். வேலை முடிந்து வரும் மரகதம் பின்வாசல் வழியாக அடுப்படிக்குள் போய், வந்தவர்களுக்குக் காபி கலந்து, அடுப்படி வாசற்படி வரை கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். தட்டை வாசற்படியிலிருந்து எடுத்துக் கொடுப்பது வேறு ஒருத்தி. இப்படி என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தனக்குச் சாவு கிடையாது என்ற செய்தியை ஆவுடையப்பன் முதலில் கேலியாகத்தான் எடுத்துக்கொண்டார். "நல்லதாப் போச்சு, பென்ஷன் கொடுத்தே கவர்ன்மெண்ட் நொடிச்சுரும்" என்றார். பிறகு சர்க்கரை மாத்திரையை ஒரு நாள் விட்டுப் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. ஒரு வாரம் விட்டுப் பார்த்தார். காபிக்கு ஒன்றரைக் கரண்டி சர்க்கரை கேட்டார், பாட்டுப் பாடிக்கொண்டு ஜாங்கிரி வாங்கி வந்தார், ஸ்கூட்டரில் ஹெல்மெட் இல்லாமல் போய், வழியில் நிறுத்திய போலீஸ்காரரிடம் வீட்டு விலாசத்தைச் சொல்ல, அவர் விசாரித்துவிட்டு, "அந்த வீட்டு ஐயாவா, போங்க போங்க" என்று விட்டுவிட்டார்.

இத்தனைக்கும் நடுவில் சண்முகவடிவு மட்டும் ஒவ்வொரு காலையும் கண்ணாடி முன்னால் நின்று அந்தக் கிளையைப் பிடித்து ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். யாரிடமும் சொல்லவில்லை. பூ போக வேண்டும் என்று சொன்னால் புருஷன் போக வேண்டும் என்று சொன்னதாக ஆகும். வைகாசியில் குற்றாலநாதன் போன் செய்து, அந்தத் தோட்டத்தில் எல்லா மரமும் உதிர்ந்து இலை விட்டாயிற்று, குளத்தங்கரை மரம் மட்டும் இன்னும் பூவோடு நிற்கிறது என்றான். முதலில் ஜனங்கள் அதிசயமாக வந்தார்கள், பிறகு உதிராததை எத்தனை நாள் பார்ப்பது என்று வருவதை நிறுத்திவிட்டார்கள். அந்த வெள்ளைக் கையுறைக்காரர் மட்டும் தினமும் மரத்தடியில் நின்று, வருகிற ஒன்றிரண்டு பேரிடம் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றான். சண்முகவடிவு போனை வைத்துவிட்டு ஃப்ரிட்ஜின் முன்னால் வெகுநேரம் நின்றாள். "என்ன வேணும் அத்தை?" என்று மரகதம் கேட்டாள். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

ஆடி மாதம் நான்காவது வாரம், செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு ஆவுடையப்பன் மாவு மில்லுக்கு முன்னால் ஸ்கூட்டரோடு சரிந்து விழுந்தார். சர்க்கரை நானூற்றுத் தொண்ணூறு. தாலுகா ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கூட வந்தவர்கள் யாரும் பதறவில்லை. "பூ இருக்கே மதினி, என்ன பயம்?" என்றார்கள். சண்முகவடிவு மரகதத்துக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியிலிருந்து தாலுகா அலுவலகத்துக்கு அவளே போனாள். மரகதம் வேலைக்குச் சேர்ந்த நான்கு வருஷத்தில் அவள் அங்கே போனது அதுதான் முதல் தடவை.

வாசலில் ஒரு புங்கமரம் நின்றது. அதன் தாழ்ந்த கிளைகளில் ஏதோ தொங்கிக்கொண்டிருந்தது. யாராவது நேர்த்திக்கடனுக்குக் கட்டிய துணியாக இருக்கும் என்று பார்த்தாள். துணி இல்லை, பூச்சரம். காய்ந்து பழுப்பேறிய மல்லிகைச் சரங்கள், நூலாகிப் போனவை, பாதி நூலானவை, நேற்றுப் போட்டது போல ஓரத்தில் மட்டும் சிவந்தவை, கிளைக்குக் கிளை நூற்றுக்கணக்கில், மரம் தானே பூத்துத் தானே காய்ந்தது போல.

"இது என்னய்யா?" என்று வாசலில் மனு எழுதிக் கொடுப்பவரிடம் கேட்டாள்.

"அதுவா? நம்ம மரகதம் மேடம் போடுறது. காலையில பஸ் ஸ்டாண்டுல ஒரு முழம் வாங்கி வச்சுட்டு வருவாங்க. சாயங்காலம் பஸ் ஏறுறதுக்கு முன்னால கழட்டி இதுல போட்டுட்டுப் போயிருவாங்க. குப்பையில போட மனசு வராதுல்லா" என்று சொல்லிவிட்டு அவள் தலையைப் பார்த்தார். "நீங்க அந்தப் பூக்கார அம்மாவா?"

உள்ளே மரகதம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பின்னலில் மல்லிகை, நடுநடுவே கனகாம்பரம். பக்கத்து மேஜைப் பெண் ஏதோ சொல்ல, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். மாமியாரைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. கை மட்டும் தலைக்குப் போகவில்லை. விஷயத்தைக் கேட்டாள், பையை எடுத்தாள், ஆட்டோவில் ஏறினாள்.

வழியில் ரயில்வே கேட் சாத்தியிருந்தது.

"ஏளா மரகதம், அன்னைக்கு ஒரு வெள்ளிக்கிழமை, நீ கை நீட்டும்போது…"

"ஃப்ரிட்ஜுல வச்சீங்க."

"சாமிக்குன்னு சொன்னேன். சாமிக்கு ஏற்கெனவே போட்டாச்சு."

"தெரியும் அத்தை. சாமி படத்துல பூவைப் பாத்துட்டுத்தான் அடுப்படிக்குப் போனேன்."

ஒரு கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது. சண்முகவடிவு அதன் சத்தத்துக்கு மேலே பேச வேண்டியிருந்தது.

"இந்தப் பூ போக மாட்டேங்கி. அதுக்குத்தான் வந்து ஏறியிருக்கு. நான் தப்புப் பண்ணிட்டேன்ளா."

"இத எங்கிட்ட என்னத்துக்குச் சொல்லுதீங்க? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்டச் சொல்லுங்க."

கேட் திறந்தது. ஆஸ்பத்திரி வாசலில் உறவுக்காரப் பெண்கள் நிற்பது தெரிந்ததும் மரகதம் பின்னலுக்குக் கையைக் கொண்டுபோனாள். சண்முகவடிவு அந்தக் கையைப் பிடித்தாள். "இருக்கட்டும்."

மரகதம் கையை விடுவித்துக்கொண்டாள். "நீங்க சொல்லி வச்சா அது உங்க பூ அத்தை" என்று சொல்லிவிட்டு, சரத்தைக் கழற்றி, அங்கே மரம் இல்லாததால் ஆட்டோவின் கண்ணாடியில் சுற்றிவிட்டு இறங்கினாள்.

ஆவுடையப்பன் பிழைத்துக்கொண்டார். பூவினால் பிழைத்தார் என்றது ஊர், இன்சுலினால் என்றார் டாக்டர். இந்த இரண்டு கட்சிக்கும் நடுவில் அவர் படுத்துக்கொண்டு, "எதுவா இருந்தாலும் மாத்திரையக் கொடுங்க, விழுந்ததுல முழங்கை வலி உயிர் போகுது" என்றார். வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தார்கள். அடுத்த நாள் ஆடிக் கடைசி வெள்ளி. செத்துப் பிழைத்தவர் வீட்டில் தட்டு வாங்கினால் இரட்டைப் பலன் என்று நாச்சியாரம்மாள் சொல்லியிருந்தாள். கூடம் கொள்ளவில்லை, வாசல் நடை வரை பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

முதல் தட்டு நாச்சியாரம்மாளுடையது. அதை வாங்காமல் சண்முகவடிவு எழுந்து நின்றாள். இந்தப் பூ வரம் இல்லை, ஜப்பானில் திருடியது என்றாள். அதுவும் பெரிதில்லை, அதற்கு முன்னால் ஒன்று உண்டு என்று சொல்லி, பொட்டலத்தை, நீட்டிய கையை, ஃப்ரிட்ஜை, சாமி பேரில் சொன்ன பொய்யை, ஒன்றுவிடாமல், பால் கணக்குச் சொல்லும் குரலில் சொன்னாள். "என் மருமக தலையில பூ வைக்கக் கூடாதுன்னு நான்தான் செஞ்சேன். ஊர்ல நல்ல பேரும் நான்தான் வாங்கினேன். இனி யாரும் இந்தத் தலையத் தொடாதீங்க" என்றாள்.

தட்டைக் கவிழ்த்துவிட்டுப் போவார்கள் என்று எதிர்பார்த்தாள். காறித் துப்புவார்கள் என்றுகூட எதிர்பார்த்தாள். நாச்சியாரம்மாள் சிரித்தாள்.

"அட இவளே! இம்புட்டுத்தானா? நான் என்னமோ ஏதோன்னுல்லா பயந்துட்டேன். இது எல்லா வீட்டுலயும் உள்ளதுதானட்டி. எங்கம்மாவ எம் புள்ள கல்யாணத்துல மணமேடைக்கு ஏறவிட்டேனா நானு? உள்ளறையில உக்காரு, பாயசம் கொண்டு தாரேன்னு சொன்னேன்."

"எங்க அக்காவ வளைகாப்புக்குக் கூப்பிடல" என்றாள் இன்னொருத்தி, எளிதாக. "அவளே வர மாட்டேன்னுட்டான்னு எல்லார்ட்டயும் சொன்னோம்."

"எங்க நாத்தனாரு எதிர்ல வந்தா நான் தண்ணி குடிச்சுட்டுத்தான் பெறகு கெளம்புவேன்."

ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கூடத்தில் ஒரு கலகலப்பு வந்துவிட்டது. மன்னிப்பு கேட்க நின்றவளுக்கு, ஒரு சிட்டிகை மஞ்சளைத் தருவது போல, எல்லோரும் மன்னிப்பைக் கொடுத்துவிட்டார்கள். மறுபடி தட்டை நீட்டினார்கள். சண்முகவடிவு கொண்டைக்குக் கையைக் கொண்டுபோய் இழுத்துப் பார்த்தாள். கிளை அசையாமல் இருந்தது.

அப்போது முன்வாசல் வழியாக மரகதம் வந்தாள். பஸ் பிந்தியதாலா, அவசரத்தாலா, வேறு எதனாலோ தெரியாது, அன்றைக்கு அவள் பூவைக் கழற்றவில்லை. காலையில் வைத்தது, வெயிலிலும் பஸ் நெரிசலிலும் நசுங்கி, ஓரம் சிவந்து, ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கியது. தன் வீட்டுக்குள் வருகிறவள் வருவது போல நடை தாண்டி, கூடத்தின் நடுவே, பெண்களுக்கு ஊடே வழி பார்த்துக் கால் வைத்து வந்தாள். கலகலப்பு ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. ஒருத்தி முந்தானையை இழுத்து ஒதுக்கிக்கொண்டாள். இன்னொருத்தி தன் தட்டை அவள் நிழல் படாதபடி மடிக்குள் நகர்த்தினாள். அதைப் பார்த்து அடுத்தவளும் நகர்த்தினாள். சற்று முன் சிரித்தவர்கள் எல்லோருமே, மரகதத்தின் கால் தங்களைக் கடக்கும்போது, ஒருவர் பின் ஒருவராக, மஞ்சளையும் குங்குமத்தையும் மடியில் மூடிக்கொண்டார்கள்.

சண்முகவடிவின் தலையிலிருந்து முதல் இதழ் அப்போது உதிர்ந்தது.

காற்று இல்லை, மின்விசிறிகூட ஓடவில்லை. இதழ்கள் அவசரப்படாமல், கூடம் முழுவதும் சுற்றி, இன்னும் வரும், இன்னும் வரும் என்பது போல, இரண்டு கொத்தில் இருக்கக்கூடியதைவிட எத்தனையோ மடங்கு வந்து, மூடிய மடிகளின் மேலும் குனிந்த தலைகளின் மேலும் இறங்கின. மரகதத்தின் மேல் ஒன்றும் விழவில்லை. அவள் அடுப்படிக்குள் போய்க் காபிக்குப் பால் வைத்தாள்.

மறுநாள் காலை, வந்திருந்த பெண்கள் ஒவ்வொருத்தி தலையிலும் ஒரு கிளை இருந்தது. சிலர் தலையில் இரண்டு. நாச்சியாரம்மாள் தலையில் மூன்று. வலிக்கவில்லை, இழுக்கவில்லை, வரவில்லை. சண்முகவடிவு தலையில் மொட்டைக் குச்சி மட்டும் மிஞ்சியது. அடுத்த பங்குனியில் அது ஒரு வாரம் பூத்து உதிர்ந்தது, அதற்கடுத்த பங்குனியிலும். ஜப்பானில் குளத்தங்கரை மரம் அந்த ஆடி வெள்ளி ராத்திரியே கொட்டித் தீர்த்துவிட்டதாகவும், கையுறைக்காரர் பெருக்காமல் மறுநாள் பூராவும் பார்த்துக்கொண்டிருந்ததாகவும் குற்றாலநாதன் சொன்னான்.

பாறைக்குளம் இதையும் ஏற்றுக்கொண்டது. வரம் என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை. தட்டுகள் எடுத்துக்கொண்டு யாரும் யார் வீட்டுக்கும் போகவில்லை. புருஷன்மார்கள் தங்கள் மாத்திரைகளைச் சொல்லாமலேயே போட்டுக்கொண்டார்கள். ஏன் என்று ஒருத்தி இன்னொருத்தியைக் கேட்பதில்லை; எத்தனை என்று மட்டும் பார்த்துக்கொண்டார்கள். முந்தானையால் மூடி நடந்தார்கள், பிறகு மூடாமல் நடந்தார்கள். எப்போதாவது ஏதோ ஒரு வீட்டில், ஏதோ ஒரு பின்கட்டில், யாரோ யாரிடமோ ஏதோ சொன்ன அடுத்த நாள், ஒரு தலை வெறுமையாக இருக்கும். அந்த வீட்டைப் பற்றி ஊர் பேசாது. மிச்சத் தலைகளில் பூ அப்படியே இருந்தது, வெயிலிலும் மழையிலும், கல்யாணத்திலும் எழவிலும், இளஞ்சிவப்பு குறையாமல்.

மரகதம் காலையில் பஸ் ஸ்டாண்டில் ஒரு முழம் வாங்குவாள். சாயங்காலம் அதோடேயே கீழரத வீதியில் நடந்து வருவாள். தெரு முழுக்க வாடாத பூக்கள் வாசலுக்கு வாசல் நின்று பார்க்கும். அந்தத் தெருவில் பொழுது சாயும்போது வாடியிருக்கும் பூ அவளுடையது ஒன்றுதான்.